முதுமையில் பார்வையும் விழுதலும்: வயதானவர்களுக்கும் உடனிருப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வயதானவர் ஒருவர் விழுந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "தலை சுற்றியதா? வழுக்கியதா? காலில் தெம்பு இல்லையா?" என்பதுதான். "படி தெரிந்ததா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பெரும்பாலும் "தெரிந்தது" என்றே பதில் வரும். கண்ணுக்குப் படாத ஒன்றைப் படவில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். உயிர் பிழைத்தவர்களிலும் பலர் இடுப்பெலும்பு முறிந்து, பிறர் துணையின்றி நடக்க முடியாமல் ஆகிறார்கள். இதில் ஒரு பங்கை நிச்சயமாகத் தடுக்கலாம். அதற்குப் பார்வையைப் பற்றிய நம் எண்ணத்தில் ஒரு மாற்றம் வேண்டும்: மருத்துவமனைச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்க உதவும் பார்வை வேறு, மங்கிய வெளிச்சத்தில் படியிறங்க உதவும் பார்வை வேறு. முதலாவது நன்றாக இருந்தும் இரண்டாவது கெட்டுப்போயிருக்கலாம்.

நடக்கும்போது கண் செய்யும் வேலை

எழுத்துப் பலகையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் இருக்கும். அறையில் போதிய வெளிச்சம் இருக்கும். பார்ப்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது இவற்றில் எதுவுமே கிடையாது. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி; தலை அசைகிறது; பார்வை கீழ்நோக்கி இருக்கிறது. அங்கே தேவைப்படுபவை வேறு நான்கு திறன்கள். ஒத்த நிறங்களுக்கு இடையே விளிம்பைப் பிரித்தறிவது, படி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிப்பது, நேராகப் பார்க்கும்போதே கீழேயும் பக்கவாட்டிலும் இருப்பதை உணர்வது, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் விரைவில் பழகிக்கொள்வது. நோய் எதுவும் இல்லாவிட்டாலும் வயதோடு இவை குறையும். கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, கண்மணி சுருங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சென்று சேர்கிறது.

உடல் நிலைதடுமாறாமல் நிற்பதற்குக் கண், உட்காது, பாதங்களும் மூட்டுகளும் அனுப்பும் தொடுவுணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. முதுமையில் உட்காது தளர்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். அப்போது சுமை முழுவதும் கண்மேல் விழுகிறது. அந்த நேரத்தில் கண்ணும் தளர்ந்திருந்தால் பிடிமானமே இல்லாமல் போகிறது.

முதல் படி: மருத்துவரிடம் போவதற்கு முன் கவனியுங்கள்

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். விழுந்ததை மட்டும் எழுதினால் போதாது. விழப்போய்ச் சமாளித்ததையும் எழுதுங்கள். எந்த நேரம், எந்த இடம், விளக்கு எரிந்ததா, கண்ணாடி அணிந்திருந்தாரா, அணிந்திருந்தால் எந்தக் கண்ணாடி ஆகியவை வேண்டும்.

பார்வை மங்குவதை நடத்தையிலேயே காணலாம். படியின் விளிம்பைக் காலால் துழாவுவது, சுவரை ஒட்டியே நடப்பது, தண்ணீர் ஊற்றும்போது குவளைக்கு வெளியே சிந்துவது, தரையின் நிறம் மாறும் இடத்தில் தயங்கி நிற்பது, கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று எண்ணித் தாண்டுவது எல்லாம் அடையாளங்கள். எப்போதும் ஒரே பக்கத்துத் தோள் மட்டும் கதவில் இடிபடுகிறதென்றால் அந்தப் பக்கத்துப் பார்வைப் பரப்பு குறைந்திருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் இது அடிக்கடி நேர்கிறது.

வயதானவர்கள் இதை மறைப்பார்கள். வெளியே போகவிடாமல் செய்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். அதனால் "கண் தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "அப்பா, எந்த இடத்தில் கால் வைக்கத் தயக்கமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும்.

பலரும் வெளியே சொல்லத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. பார்வை வெகுவாகக் குறைந்தவர்களில் சிலருக்கு அங்கே இல்லாத மனிதர்களும் விலங்குகளும் கோலம் போன்ற வடிவங்களும் தெரியும். சார்லஸ் பொனே என்ற அறிஞர் தம் பாட்டனாருக்கு நேர்ந்த இந்த அனுபவத்தை 1760இல் எழுதிவைத்தார். அவர் பெயரே இந்த நிலைக்கு நிலைத்துவிட்டது. இல்லாத உருவத்துக்கு வழிவிட ஒதுங்கியே சிலர் தடுமாறக்கூடும். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சி அவர்கள் வாய் திறப்பதில்லை. தெரிய வந்தால் கேலி செய்யாமல் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழப்பமோ மறதியோ உடன் இருந்தால் பொது மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: கண் பரிசோதனை

65 வயதுக்கு மேல் குறை எதுவும் தெரியாவிட்டாலும் ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ ஒருமுறை முழுமையான பரிசோதனை தேவை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் கண்ணாடிகளையும், சொட்டு மருந்துகளையும், மாத்திரைப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். ஆகவே துணையில்லாமல் அனுப்பக் கூடாது.

உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக "இவர் விழுந்தார்" அல்லது "விழப்போனார்" என்று சொல்லுங்கள். நேரம் நெருக்கும் இடங்களில் இந்தத் தகவல் கேட்கப்படாமலே போய்விடும். பிறகு கண் அழுத்தம் பார்த்தார்களா, பக்கப் பார்வையின் பரப்பை அளந்தார்களா, மங்கலான எழுத்துகளைப் பிரித்தறிய முடிகிறதா, இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்கின்றனவா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இவற்றில் பக்கப் பார்வைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய் வலியே இல்லாமல் ஓரங்களைத் தின்றுகொண்டே வரும். ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண்ணும் மூளையும் சேர்ந்து மூடிமறைப்பதால் நோயாளிக்கே தெரியாது. கீழ்ப்பகுதிப் பார்வை குறைந்தவர்கள் அதிகம் விழுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காலடியில் கிடப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. விழித்திரையின் மையம் சிதையும் மாகுலா நோயில் இதற்கு மாறாக நடுப்பகுதி மங்கும். நேர்கோடுகள் வளைந்து தெரியும்.

சில அறிகுறிகளுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று பார்வை போவது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, மின்னல் வெட்டுகளோடு கரும்புள்ளிகள் மிதப்பது, திடீரென இரண்டிரண்டாகத் தெரிவது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றோடு முகம் கோணினாலோ கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூன்றாம் படி: நடப்பதற்கு ஏற்ற கண்ணாடி

என் கருத்தில் வீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக அணியும் பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி கையில் வைத்துப் படிக்கும் தூரத்துக்கானது. நடக்கும்போது தரையைப் பார்க்க அதே கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்க்கிறோம். தரையோ ஒன்றரை, இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே படியின் விளிம்பு கலங்கித் தெரிகிறது, அதன் ஆழமும் பிசகுகிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் லார்ட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கண்ணாடி அணிந்த முதியவர்கள் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

அப்படியானால் எல்லோரும் அவற்றைக் கழற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதே நாட்டில் 606 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே நடக்கும்போது மட்டும் அணிவதற்கென்று தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்கடி வெளியே போய்வருபவர்கள் விழுவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிதாக வெளியே போகிறவர்களோ வெளியில் விழுவது கூடியது. ஆகவே சுறுசுறுப்பாக வெளியே நடமாடுபவருக்குத் தூரத்துக்கு மட்டுமான இன்னொரு கண்ணாடி வாங்கி, வெளியிலும் படிக்கட்டிலும் அதை அணியப் பழக்குங்கள். பல ஆண்டுகளாகப் புரோகிரசிவ் கண்ணாடிக்குப் பழகி, வீட்டோடு இருப்பவரைத் திடீரென்று மாற்றாதீர்கள்.

பவர் மாற்றத்திலும் அவசரம் கூடாது. 70 வயதைக் கடந்த, உடல் தளர்ந்த 616 பேருக்குக் கண்ணைச் சோதித்துத் தேவையானவர்களுக்குப் புதிய கண்ணாடி கொடுத்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. விழுவது குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், கூடியது. பவரை ஒரேயடியாகப் பெரிதாக மாற்றினால் பொருள்களின் அளவும் தூரமும் வேறாகத் தெரியும். கால் பழைய கணக்கில் இறங்கும். அதனால் மாற்றம் பெரிதாக இருந்தால், "சிறிது சிறிதாக மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். புதிய கண்ணாடி வந்ததும் முதலில் உட்கார்ந்தபடி, பிறகு சமதரையில், அதன்பிறகே படியில் பழக வேண்டும். இரண்டு வாரங்களாகியும் தரை மிதப்பதுபோல் தெரிந்தால் கண்ணாடியை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

வாசிப்புக் கண்ணாடியோடு எழுந்து நடக்கவே கூடாது. அழைப்பு மணி அடித்ததும் செய்தித்தாளை வைத்துவிட்டு அதே கண்ணாடியோடு எழுந்து போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நாற்காலிக்குப் பக்கத்தில் அதை வைக்க ஓர் இடம் இருக்கட்டும். வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடி வீட்டுக்குள் வந்த பிறகு தெளியச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை வாசலிலேயே நிற்பது நல்லது.

நான்காம் படி: கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள்

"நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற பழைய பேச்சுக்கு இன்று இடமில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த 306 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு முதல் கண்ணில் அறுவை சிகிச்சை விரைவாகச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். விரைவாகச் செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைவாக இருந்தது. எலும்பு முறிவும் குறைந்தது. 2005இல் இந்த முடிவு வெளியானது.

முதல் கண்ணுக்கும் இரண்டாம் கண்ணுக்கும் இடைப்பட்ட காலத்தில் கூடுதல் கவனம் தேவை. ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும், இரண்டின் பவரும் வெகுவாக வேறுபட்டும் இருக்கும்போது ஆழக் கணிப்பு குலையும். "இப்போதுதான் கண் பளிச்சென்று தெரிகிறதே" என்ற உற்சாகத்தில் வேகமாக நடக்கவும் தோன்றும். இரண்டாம் கண்ணுக்கு எப்போது செய்வது, அதுவரை எந்தக் கண்ணாடி என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சொட்டு மருந்தும் மாத்திரையும்

கிளாக்கோமாவுக்குத் தரும் டிமோலால் போன்ற சொட்டு மருந்துகள் கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணீர் வடியும் பாதை வழியாக மூக்குக்குச் சென்று இரத்தத்தில் கலந்து, சிலருக்கு இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு, மூன்று நிமிடங்கள் மென்மையாக அழுத்திக்கொண்டால் உடலுக்குள் போகும் அளவு குறையும். தலைசுற்றல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டால் போன பார்வை திரும்பாது. இரவில் கண் களிம்பு இடுபவர்கள் கழிவறைக்குப் போய்வந்து படுத்த பிறகு இடட்டும்.

தூக்க மாத்திரை, மனநல மருந்து, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். படுத்திருந்து எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ சரிந்தால், அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி.

ஆறாம் படி: வீட்டை அவர் கண்ணால் பாருங்கள்

நியூசிலாந்தில் பார்வை வெகுவாகக் குறைந்த, 75 வயதைக் கடந்த 391 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சை நிபுணர் ஒருவர் வீட்டுக்கே வந்து ஆபத்தான இடங்களைக் காட்டி மாற்றச் சொன்ன வீடுகளில் விழுவது 41 சதவீதம் குறைந்தது. மாத்திரையோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் கிடைத்த பலன் இது.

பகலில் பார்த்தால் வீட்டின் குறைகள் தெரியாது. மாலை மங்கிய பிறகு, வழக்கமாக எரியும் விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து மெதுவாக நடந்து பாருங்கள்.

முதலில் படுக்கையிலிருந்து கழிவறை வரையான வழி. கட்டிலில் இருந்தே எட்டும் சுவிட்ச் வேண்டும். வழியில் தரையை ஒட்டி, மஞ்சள் நிற மங்கல் விளக்குகள் வையுங்கள். ஆள் நடமாட்டம் உணர்ந்து எரிபவை இன்னும் நல்லவை. நள்ளிரவில் திடீரென்று பளீர் விளக்கைப் போட்டால் கண் கூசிச் சில நொடிகள் எதுவும் தெரியாது. அணைத்த பிறகு இருட்டுக்குப் பழக முதிய கண்ணுக்கு வெகுநேரம் ஆகும். எழுந்ததும் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, கண்ணாடியை அணிந்து, அதன்பிறகே நடக்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் படியின் நிறத்துக்கு நேர்மாறான நிறத்தில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு வழுக்காத பட்டை ஒட்டுங்கள். பட்டை சரியாக விளிம்பில் தொடங்க வேண்டும். உள்ளே தள்ளி ஒட்டினால் படி எங்கே முடிகிறது என்று கண் தவறாகக் கணிக்கும். அதற்கு ஒட்டாமலே இருக்கலாம். கைப்பிடி இரு பக்கமும், முதல் படிக்கு முன்பிருந்து கடைசிப் படியைத் தாண்டியும் நீளட்டும். சுவிட்ச் மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும்.

குளியலறையில் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கைப்பிடி என்று எல்லாம் ஒரே நிறமானால் முதிய கண்ணுக்கு ஒன்றுமே பிரியாது. கைப்பிடியும் கழிவறை இருக்கையும் அடர்நிறத்தில் இருக்கட்டும். பெரிய பூ வடிவங்களும் பட்டைக் கோடுகளும் கொண்ட விரிப்புகள் இல்லாத மேடுபள்ளத்தைக் காட்டும். ஓரம் சுருளும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கதவில் கண் மட்டத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். விளக்கைக் கூட்டும்போது கூச்சத்தையும் கவனியுங்கள். மூடியில்லாத பல்பும் பளபளக்கும் தரையும் கண்புரை உள்ளவருக்கு இருட்டைவிடத் தொல்லை தரும். கடைசியாக, அவரிடம் சொல்லாமல் நாற்காலியைக்கூட இடம் மாற்றாதீர்கள். பார்வை குறைந்தவர் பாதி நினைவிலிருந்தே நடக்கிறார்.

ஏழாம் படி: காலுக்கும் பயிற்சி

கண் தவறவிட்டதைக் கால் சமாளிக்க வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்தின் நுனியில் மறு பாதத்தின் குதிகாலை வைத்து நடப்பது போன்றவை பயன்தரும். மேலே சொன்ன நியூசிலாந்து ஆய்வில் உடற்பயிற்சிக் குழுவில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. விடாமல் செய்தவர்கள் மட்டும் குறைவாக விழுந்தார்கள். ஆகவே பார்வை குறைந்தவரைத் தனியாகச் செய்யச் சொல்லாமல் ஒருவர் அருகில் நின்று வழக்கமாக்க வேண்டும். நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

எட்டாம் படி: நடையும் துணையும்

இரண்டு எட்டுக்கு முன்னால் தரையைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். கால் தரையில் பதியும் முன்பே கண்ணை வேறு பக்கம் திருப்புவது முதியவர்களிடம் காணப்படும் பழக்கம். அதுவே தடுமாற வைக்கும். படியில் பேச்சு வேண்டாம். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் நின்று கண் பழகிய பிறகு நகரட்டும்.

துணைக்குப் போகிறவர் முதியவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை எட்டு முன்னால் நடங்கள். உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கை வழியே தெரிந்துவிடும். படி வந்தால் நின்று, "இறங்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். கடைசிப் படியையும் சொல்லுங்கள்; இன்னும் ஒரு படி இருக்கிறது என்று எண்ணியோ முடிந்துவிட்டது என்று எண்ணியோ விழுபவர்கள் நிறையப் பேர்.

ஒன்பதாம் படி: விழுந்துவிட்டால்

உடனே தூக்கிவிடப் பாயாதீர்கள். வலி எங்கே, கை கால் அசைகிறதா என்று கேளுங்கள். இடுப்பில் கடும் வலி, கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ இருப்பது, கழுத்து வலி, மயக்கம் ஆகியவை இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரென்றால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அடி இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து, அதைப் பிடித்து ஒரு காலை ஊன்றி எழலாம். இதை விழாத நாளிலேயே ஒருமுறை பழகிவைக்க வேண்டும். தனியாக வசிப்பவர் மணிக்கணக்கில் தரையில் கிடந்துவிட்டால் அதுவே உடலைக் கெடுக்கும். கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அழைப்புக் கருவி அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

விழுந்த பிறகு வரும் அச்சத்தையும் காயமாகவே நினையுங்கள். "இனி நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம்" என்று அன்போடு உட்காரவைத்தால், சில வாரங்களில் தொடைத் தசை இளைத்து, அடுத்த விழுதல் எளிதாகிவிடும். மருத்துவர் அனுமதித்ததும், நல்ல வெளிச்சத்தில், சரியான கண்ணாடியோடு, நீங்கள் பக்கத்தில் இருக்க, அவர் விழுந்த அதே வழியில் அவரை மறுபடி நடக்கவையுங்கள்.